கரையில் குவித்தால் குளத்துக்கே திரும்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பேர் குளத்தில் இறங்குகிறார்கள். பத்து மணிக்குள் கரையோரம் வெங்காயத்தாமரை (ஆகாயத்தாமரை என்ற மிதக்கும் களை) ஆள் உயரத்துக்குக் குவிந்துவிடுகிறது. குவியலுக்கு முன்னால் நின்று ஒரு படம், ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம், வேலை முடிந்தது. இரண்டு கோடை மழை பெய்ததும் குவியலின் அடிப்பக்கம் சரிந்து தண்ணீரைத் தொட்டு நிற்கும். மேலே சருகாகியிருந்தாலும் உள்ளே ஈரத்தில் தண்டு பச்சையாகவே இருக்கும். செடி மறுபடி தழைக்க அது போதும். காவிரி டெல்டாவில் குளக்கரை வேலை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாரியதில் குறை இருக்காது. வாரியதை எங்கே கொண்டுபோவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து போட வேண்டும். டிராக்டர் கரையில் எதுவரை வரும், எங்கே திரும்பும், யார் நிலத்தில் கொட்டும்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு ஆள் கூப்பிட்டால் போதும்.

கணக்கைப் பாருங்கள். நெருக்கமாகப் படர்ந்த வெங்காயத்தாமரை ஒரு சதுர மீட்டருக்கு ஈரத்தோடு 20 முதல் 40 கிலோ வரை இருக்கும். கரையோரம் 100 அடி நீளம், 10 அடி அகலம் எடுத்தால் சுமார் 93 சதுர மீட்டர். ஏறத்தாழ 2 டன்னிலிருந்து மூன்றே முக்கால் டன் வரை. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் தண்ணீர். 100 கன அடி டிராக்டர் பெட்டியில் மணல் ஏற்றினால் நாலு டன்னைத் தாண்டும். வெங்காயத்தாமரையை மேலே ஏறி மிதித்து மிதித்து ஏற்றினாலும் அரை டன் போவதே கஷ்டம், அவ்வளவு இடத்தை அடைக்கும். ஆக அந்த நூறடிக்கு மட்டும் நாலு நடையிலிருந்து எட்டு நடை. ‘ஒரு டிராக்டர் சொல்லியிருக்கிறோம், போதும்’ என்று நினைத்தவர்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரையில் குவியலோடு நிற்பது இதனால்தான்.

வழி இருக்கிறது. அன்றே ஏற்றாதீர்கள். கரையின் மேல்மட்டத்தில், உள்சரிவின் விளிம்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி அல்லது வெளிச்சரிவில் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நாலைந்து நாள் போதும். மூன்றாம் நாள் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். எட்டு நடை போகவேண்டியது ஒன்றிரண்டு நடையில் முடிந்துவிடும். உள்சரிவில் மட்டும் ஒரு கூடை கூடப் போடக்கூடாது. கரை குறுகலாக இருந்து 10 அடி கிடைக்காவிட்டால், பக்கத்து வயல்காரரிடம் கேட்டு அறுப்பு முடிந்த தரிசில் காயவைக்கலாம்.

அந்தத் தரிசு எப்போது கிடைக்கும் என்பதுதான் டெல்டாவில் தேதியைத் தீர்மானிக்கிறது. ஜனவரி 28 மேட்டூர் அணை மூடும் வழக்கமான நாள். ஆனால் அப்போது சம்பா அறுப்பு. ஆளும் இருக்காது, டிராக்டரும் இருக்காது. அறுப்பு முடிந்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும், வண்டி இறக்க முடியாது. உளுந்து எடுத்த பிறகு, சித்திரை தொடங்கி வைகாசி முடியும் வரைதான் நமக்கு உள்ள காலம். தண்ணீர் இருக்கும் ஆண்டில் ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். கடைமடைக் குளங்களுக்கு இன்னும் நாள் பிடிக்கும். ஆகவே கல்லணைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஜூன் முதல் வாரத்தோடு முடித்துவிட வேண்டும். கோடையில் தண்ணீர் உள்வாங்கியிருப்பதால் களை ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதும் இந்தப் பருவத்தின் வசதி.

மழைக்காலத்தில் இறங்கவே கூடாதா என்று கேட்பார்கள். வெங்காயத்தாமரையிலும் சம்பிலும் (நீரோரம் உயரமாக வளரும் கோரை) நீர்க்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டும். அப்போது பாய்போலப் படர்ந்த செடியை இழுத்தால் முட்டையும் சேர்ந்து வரும். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வடுவூர் ஏரி போன்ற இடங்களில் எந்த மாதமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது.

அனுமதி விஷயத்தில் முதலில் குளம் யாருடையது என்று தெரிய வேண்டும். 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள பாசனக் குளம், ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் நீர்வளத்துறை. 2021 வரை அது பொதுப்பணித்துறையின் ஒரு பகுதியாக இருந்தது. கோயில் குளம் என்றால் அறநிலையத்துறை, செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்ற நில ஆவணத்தைப் பார்த்து சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, என்ன செடியை எடுக்கிறோம், எந்த நாள், எங்கே கொட்டுகிறோம், இயந்திரம் உண்டா இல்லையா என்று நாலு வரியில் மனு எழுதுங்கள். ‘மண் எடுக்கவில்லை’ என்று தெளிவாக ஒரு வரி இருக்கட்டும். களை எடுப்பது ஒரு வேலை, வண்டல் அள்ளுவது வேறு வேலை. இரண்டாவதற்கு வட்டாட்சியர் அனுமதி வேண்டும். செடியோடு ஒரு டிராக்டர் மண் போனாலும் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். 2018 நவம்பர் 16இல் அடித்த கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணி பெரியகுளம் போல ஊர்க்காரர்களே பணம் திரட்டித் தூர்வாரிய குளங்கள் உண்டு. அது பொக்லைன் வேலை, அதன் கணக்கே தனி. இங்கே பேசுவது கையால் செய்யும் கரையோர வேலை.

குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்த மீன் பாசி குத்தகைக்காரரை மறந்துவிடாதீர்கள். காகிதத்தில் அவருக்குப் பெரிய இடம் இல்லை, கரையில் உண்டு. அவர் கவலைப்படுவதில் நியாயமும் இருக்கிறது. கோடையில் தண்ணீர் குறைந்து, அடிச்சேறு கறுத்து நாறும் குளத்தில் விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் இருபது பேர் இறங்கிச் சேற்றைக் கலக்கினால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், சாகவும் செய்யும். நமக்கு வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும், மீனுக்கு வெயில் வந்தபிறகு தொடங்க வேண்டும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது எளிது: ஆறு மணிக்குக் கரைக்குப்பை, ஏழரைக்கு மேல் தண்ணீர் வேலை, பத்து மணிக்கு ஏறிவிடுவது. களைக்கொல்லி அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பாய் மொத்தமும் ஒரே நேரத்தில் செத்து அடியில் இறங்கி அழுகும், மிச்சமிருக்கும் பிராணவாயுவும் போய்விடும். கால்நடை குடிக்கும் தண்ணீரும் இதுதான்.

கரைக்குப்பைக்கு 45 கிலோ யூரியா சாக்கு நல்லது. ஆனால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஈரக்குப்பை 10, 12 கிலோவைத் தாண்டினால் சரிவில் தூக்கி ஏறும்போது வழுக்கும், சாக்கின் தையலும் விட்டுவிடும். முதலில் தெர்மாகோல். காற்று எழுந்துவிட்டால் பொடிப்பொடியாகக் குளம் முழுக்கப் பரவிவிடும், பிறகு கொசுவலைத் துணியைச் சட்டத்தில் கட்டி அரித்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்து கண்ணாடி. உடையாத குவார்ட்டர் பாட்டிலைத் தனிச் சாக்கில் போட்டால் பழைய இரும்புக் கடையில் எடுப்பார்கள். உடைந்ததைச் சாக்கில் போடவே கூடாது, மூடியுள்ள பெயின்ட் வாளிதான். பூச்சிமருந்து டப்பா தனி. அதைக் குளத்திலேயே அலசி எடுக்கும் ஆர்வக்கோளாறு எல்லா ஊரிலும் ஒருவருக்கு உண்டு, அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். டயபரைக் கம்பியால் குத்தித் தூக்கினால் ஊறிய கூழ் வெடித்துச் சிதறும், மண்வெட்டியால் அடியோடு அள்ள வேண்டும். நைலான் வலைத்துண்டை இழுக்காதீர்கள், அறுத்தெடுங்கள். தூண்டில் முள் உள்ளே இருக்கும்.

துணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் படித்துறைகளில் பிளாஸ்டிக்கை விடத் தொந்தரவு கருமாதித் துணிதான். காரியம் முடிந்து அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது வழக்கம். வேட்டி, சேலை அடியில் போய்ச் சேற்றில் புதைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படிக்கு வெளியே ஒரு பாய் போலக் கிடக்கும். கையால் இழுத்தால் கிழியும், பாதிதான் வரும். மூங்கில் கழியின் நுனியில் துறட்டிக் கொக்கி கட்டி, அடியில் விட்டு ஒரு சுற்று சுற்றி, மெதுவாக இழுத்தால் கற்றையாக வரும். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காதோலை கருகமணி, மாலை, கற்பூரப் பாக்கெட் உறை என்று இன்னொரு சுற்று இருக்கும். அது மிதக்கும் என்பதால் அதே நாள் எடுத்துவிட்டால் அரைமணி வேலை. துறையில் டிரம் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதை யார், எந்தக் கிழமை காலி செய்வார் என்று ஊராட்சித் தூய்மைக் காவலர்களோடு பேசி முடித்துவிட்டு டிரம் வாங்குங்கள். நிரம்பி வழியும் டிரம் இல்லாததை விட மோசம். அறிவிப்புப் பலகை பத்து வைப்பதைவிட, காரியம் செய்துவைப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பலன் அதிகம். துணியை டிரம்மில் போடச் சொல்லும் குரல் அவருடையதாக இருந்தால் யாரும் மறுப்பதில்லை.

இனி தண்ணீருக்குள். இறங்குமுன் மூங்கில் கழியால் அடி பார்க்க வேண்டும். தட்டையாகத் தெரியும் குளத்தில் எப்போதோ மண் எடுத்த பள்ளம் இருக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர் அடுத்த அடியில் காணாமல் போவார். பள்ளத்தின் ஓரத்தில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இடுப்புக்கு மேல் யாரும் போக வேண்டாம். காற்றடைத்த லாரி டியூப் ஒன்று, 100 அடி கயிற்றோடு கரையில் தயாராக இருக்கட்டும். களிமண் சேற்றில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். பின்பக்கம் சாய்ந்து, காலை மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். செருப்பு சேற்றோடு போய்விடும், கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ நல்லது.

காற்றைப் பார்த்துதான் எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தென்மேற்குக் காற்றில் மிதப்பதெல்லாம் வடகிழக்குக் கரையில் ஒதுங்கும், வாடைக்காற்றில் எதிர்ப்பக்கம். அந்தக் கரையில் வண்டி வரும் வழி இருந்தால் பாதி வேலை காற்றே செய்துவிடும். பாயைக் கருக்கரிவாளால் 10 அடிக்கு 10 அடி பாத்தி பாத்தியாக அறுங்கள். வேர்கள் பின்னியிருப்பதால் அறுக்காமல் இழுத்தால் அசையாது, ஆள்தான் விழுவார். மூடியை இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன்களை நாலு அடிக்கு ஒன்றாகக் கட்டிய நைலான் கயிற்றைப் பாத்திக்குப் பின்னால் வளைத்து, இரு முனையையும் கரையிலிருந்து இழுத்தால் மொத்தமாக வந்து சேரும். கேன் இல்லாவிட்டால் கயிறு பாய்க்கு அடியில் மூழ்கி நழுவிவிடும். ஆழமான பக்கத்துக்கு நாலு வாழைமரத்தைக் கோத்த தெப்பம் போதும்.

இருபத்தைந்து பேர் இருந்தால் தண்ணீரில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் தண்ணீரில் இறங்கத்தான் ஆசை. ஆனால் ஆள் தேவைப்படுவது சரிவில்: வரிசையாக நின்று அன்னக்கூடையைக் கைமாற்றும் பத்துப் பேர். அந்த வரிசை நின்றுவிட்டால் செடி விளிம்பில் தேங்கும், தேங்கினால் உள்சரிவிலேயே போட்டுவிட்டுப் போகத் தோன்றும். மீதிப் பேர் மேலே பரப்புவதற்கும், தண்ணீர், முதலுதவி பார்ப்பதற்கும். நூறடிக்குப் பத்தடி ஒரு காலையில் சுத்தமாக முடிந்தால் அது நல்ல வேலை. ‘சுத்தமாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வெங்காயத்தாமரை நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நூற்றில் ஐந்து பங்கை விட்டுவிட்டு வந்தால் நாலு இரட்டிப்பில், அதாவது இரண்டு மாதத்தில், எண்பது பங்கு. குளம் முழுவதையும் அரைகுறையாகக் கலைப்பதைவிட ஒரு மூலையை முழுதாக முடித்து, மூங்கிலும் வலையும் கட்டி அடைத்துவிட்டு, அடுத்த வாரம் அங்கிருந்து தொடர்வது சரி.

நெய்வேலி காட்டாமணக்கு வேறு ரகம். அறுத்தால் சாகாது, அறுத்த துண்டு ஒவ்வொன்றும் ஈரமண்ணைத் தொட்டால் வேர்விடும். கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் கடப்பாரையால் அடித்தூரோடு பெயர்க்க வேண்டும். காய்ந்த களிமண்ணில் முயன்றால் தண்டு முறிந்து தூர் உள்ளே நிற்கும். பெயர்த்ததை மண்ணில் படாமல், குறுக்குக் கட்டைகளின் மேல் அடுக்கிக் காயவைக்கவும். வெட்டும்போது வரும் பால் கண்ணில் படக்கூடாது. ஆட்டுக்கு இது விஷம். மேய்ப்பவர்களுக்குத் தெரியும், புதிதாக ஆடு வாங்கியவர்களுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து பார்த்து, துளிர்த்ததை எடுத்தால்தான் முதல்நாள் வேலைக்கு அர்த்தம். சீமைக் கருவேலமும் அப்படித்தான். தரைக்கு மேலே வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும், ஓரடி ஆழம் தோண்டித் தூரை எடுக்க வேண்டும். முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் விறகு அரசுக்குரியது, விற்று டீ செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் மழித்துவிடுவது சுத்தம் ஆகாது. கரைச்சரிவில் இருக்கும் அருகம்புல்லும் கோரையும்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று செதுக்கிவிட்டால் ஐப்பசி மழையில் கரை வாய்க்கால் வாய்க்காலாக அரிக்கும், அந்த மண் குளத்துக்குள் போகும். செங்குத்தான மண்சுவரில் தெரியும் ஓட்டை மீன்கொத்தியின் கூடாக இருக்கலாம். வரத்து வாய்க்கால் குளத்தில் சேரும் வாயில் சம்பு கொஞ்சம் நிற்பது நல்லது, வரும் குப்பையையும் வண்டலையும் வடிகட்டும். மதகு, கலிங்கு (உபரிநீர் வழியும் இடம்) பக்கம் நின்றால் மட்டும் எடுத்துவிடுங்கள். சம்பைத் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, வெட்டுவாய் மூழ்கியே இருக்கும்படி விட்டால் காற்றுப் போகாமல் அடி அழுகிவிடும். மட்டத்துக்கு மேலே அறுத்தால் வெறும் முடிவெட்டு.

காயம் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதில் வரும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று முந்தின வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறியதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் குளத்தில் இறங்கியதைச் சொல்ல வேண்டும், அவராக ஊகிக்க மாட்டார். பாம்பு தண்ணீரில் இருப்பதைவிட, காயவைத்த குவியலுக்குள் வந்து படுத்திருக்கும். மூன்றாம் நாள் புரட்டும்போது கை வைக்காதீர்கள், பல் வைத்த இரும்பு வாருகோலால் தள்ளி நின்று புரட்டுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108, அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனை.

காய்ந்த வெங்காயத்தாமரைக்கு நம்மிடம் நல்ல போக்கிடம் இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னம்பாத்தியில் மூடாக்காகப் போடலாம், வாங்கிக்கொள்வார்கள். உரமாக்குவதென்றால் நாலடி அகலம், நாலடி உயரத்தில் குவியல்: அரையடி களை, மேலே இரண்டு அங்குலம் சாணிக்கரைசல், மறுபடி களை. முழுக்கக் காய்ந்த சருகானால் தண்ணீர் தெளிக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் சூடேறாமல் அழுகி நாறும். வாடிய பதம்தான் பதம். ஒரு வாரம் கழித்து இரும்புக் கம்பியை உள்ளே செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். அந்தச் சூடுதான் விதையைக் கொல்லும். ஓரத்தில் இருப்பது சூடாகாது என்பதால் 15 நாளுக்கு ஒருமுறை உள்ளே வெளியே மாற்றிப் புரட்டவும். 90 நாளில் தயார். சாக்கடை சேரும் குளத்துச் செடியைக் காய்கறிக்கு உரமாக்க வேண்டாம். அது தண்ணீரிலிருந்து உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சி வைத்திருக்கும்.

ஜூனில் புதுத்தண்ணீர் வந்ததும் இரண்டு பக்கம் கவனிக்க வேண்டும். ஒன்று, வரத்து வாய்க்காலோடு வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் மிதந்து வரும் புதுச் செடி. குளத்து வாயில் மூன்று அங்குல இடைவெளியில் மூங்கில் தட்டி, தண்ணீர் ஓட்டத்துக்குச் சாய்வாக வையுங்கள். ஒதுங்கும் செடி ஒரு பக்கமாகச் சேரும், தினமும் ஒருவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். இன்னொன்று, சேற்றிலேயே உள்ள விதை. அது பதினைந்து ஆண்டுக்கு மேலும் முளைக்கும் திறனோடு கிடக்கும், ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில்தான் தலைகாட்டும். தண்ணீர் வந்த முப்பதாம் நாள் நாலு பேர் கரையைச் சுற்றி நடந்து, உள்ளங்கை அளவுள்ள நாற்றுகளைப் பிடுங்கினால் ஒரு வாளிக்குள் அடங்கும். அறுபதாம் நாள் போனால் டிராக்டர் வேண்டும்.

மூங்கில் தட்டியை ஐப்பசி பிறக்குமுன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அடைமழையில் இரவோடு இரவாகக் குப்பை அடைத்து, வாய்க்கால் உடைத்துக்கொண்டு பக்கத்து நடவுக்குள் பாய்ந்துவிடும். மழை ஓய்ந்து, தை பிறந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.